பூதலிங்கத்தின் நீளமான ஊர்வலம்

பள்ளக்காட்டுக் குளக்கரையில் பூதலிங்கம் என்றொரு பெருச்சாளி, மனைவி பேச்சியோடும் நான்கு குட்டிகளோடும் வாழ்ந்து வந்தார். அவர் வளைக்குள் நிலக்கடலைக்கு ஓர் அறை, எள்ளுக்கு ஓர் அறை, உலர்ந்த இலந்தைப் பழத்துக்கு ஓர் அறை. இன்னோர் அறை முழுக்கத் தின்ன முடியாத சாமான்கள். உடைந்த அகல், பல் போன சீப்பு, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. எதையும் வேண்டாம் என்று விட்டு வந்த பழக்கம் பூதலிங்கத்துக்குக் கிடையாது.

அந்தக் கோடையில் யானைகள் ஓடைக்குள் புரண்டு விளையாடி, கரையை உடைத்துவிட்டன. "மழை இறங்கினா வெள்ளம் நேரா உங்க வாசலுக்குத்தான் வரும்!" என்று தவளைகள் சிரித்துக்கொண்டே சொல்லிப் போயின. தவளைகளுக்கு என்ன? தண்ணீர் வந்தால் அதுகளுக்குக் கொண்டாட்டம்.

"என்னங்க, மேட்டுக்காட்டுக்குப் போயிடலாம்" என்றாள் பேச்சி. "அங்க பாறை உயரம். எவ்வளவு மழை பெய்தாலும் குட்டிங்க நனையாது."

"போகலாம்! ஆனா நம்ம கௌரவத்துக்குத் தகுந்த மாதிரி போகணும்!" என்றார் பூதலிங்கம்.

பெருச்சாளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஊர் மாறிப் போனால், சொந்தபந்தம் எல்லாம் குளக்கரையில் வரிசையாக உட்கார்ந்து, போகிற மூட்டைகளைப் பார்க்கும். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஊர்வலம் எவ்வளவு நீளம் என்பதுதான் பேச்சு. போன வருஷம் பூதலிங்கத்தின் பெரியப்பா மகன் சடையப்பன் போனபோது, முதல் மூட்டை ஓடையைத் தாண்டியும் கடைசி மூட்டை மருத மரத்தடியைவிட்டுக் கிளம்பவில்லையாம். அந்த நீளம் பூதலிங்கத்தின் நெஞ்சில் அன்றிலிருந்து முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"சடையப்பன் மூட்டை மூட்டையா கொண்டு போனாரே, போய்ச் சேர்ந்ததும் என்ன ஆச்சு தெரியுமா?" என்று கேட்டாள் பேச்சி. "அவர் பொண்டாட்டி பக்கத்து வளையில கையேந்தி நின்னாளாம். பச்சைக்கிளி பார்த்துட்டு வந்து சொல்லிச்சு."

"கிளி ஆயிரம் சொல்லும்! நீளம் நீளம்தானே?"

மூட்டை தூக்க ஆள் வேண்டுமே! அந்தக் காட்டில் அந்த வேலைக்கு இருந்தது ஒரே ஒரு குரங்குக் கூட்டம். அதன் தலைவன் தாவுராயன். கூப்பிட்டு அனுப்புவதற்குள் அவனே வந்து கிளையில் தொங்கினான்.

"ஐயா! நீங்க கையை வீசிட்டு நடங்க! உங்க வீட்டுத் தூசிகூடச் சிந்தாம கொண்டுபோய்ச் சேர்க்கறோம்! நாலு மூட்டை தூக்கினா ஒரு மூட்டை எங்க கூலி. போற வழியில அத்திப்பழம் பறிச்சு எங்க வயித்தை நாங்களே பார்த்துக்கறோம்!"

"மூட்டையை அவிழ்க்க மாட்டீங்களே?" என்று கேட்டாள் பேச்சி.

தாவுராயன் காதைப் பொத்திக்கொண்டான். "சிவ சிவா! அவிழ்த்தா கூலியே வேண்டாம்மா! எங்க பரம்பரை என்ன, எங்க பேர் என்ன!"

"சரி. நாங்க பகல்ல தூங்குவோம். அந்த நேரத்துல மூட்டைக்கு யார் காவல்?"

"நாங்கதான்!" என்று எல்லாக் குரங்குகளும் ஒரே குரலில் சொல்லின. எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!

குரங்குகள் போனதும் பேச்சி ஒரு கைப்பிடி கடலையை எடுத்துத் தரையில் குவித்தாள்.

"இங்க பாருங்க. இதுதான் நம்ம மொத்தக் கடலைன்னு வெச்சுக்கங்க. இதுல கால்வாசி கூலிக்குப் போச்சு." கொஞ்சத்தை ஒதுக்கினாள். "நாம தூங்கும்போது குரங்கு தின்னும். இது அதுக்கு." இன்னும் கொஞ்சத்தை ஒதுக்கினாள். "ஆத்தைக் கடக்கும்போது நனையும். நனைஞ்சது முளைக்கும். இது அதுக்கு. சாமான் அறையில இருக்கறதுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கணும். இது அதுக்கு. மிச்சம் என்ன இருக்கு?"

மிச்சம் இரண்டு கடலைகள் இருந்தன. அதையும் கடைக்குட்டி வந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"கிளம்பும்போதே அபசகுனமாப் பேசாதே!" என்று சீறினார் பூதலிங்கம். "கணக்கு எனக்கும் தெரியும். மூட்டை கூடினா ஊர்வலம் நீளும். அவ்வளவுதான் கணக்கு!"

பேச்சி கடலைக் குவியல்களைக் கூட்டி அள்ளினாள். அவளுக்கு ஊர்வலமும் வேண்டாம், கௌரவமும் வேண்டாம். மழை தொடங்கிவிட்டால் பெருச்சாளி வெளியே தலைகாட்ட முடியாது. மழை ஓயும் வரை வீட்டில் இருப்பதுதான் சோறு. அது இல்லாவிட்டால் நான்கு குட்டிகளும் பட்டினி.

இந்தக் கவலையோடு அவள் குளத்தோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் கோரைப்புல்லுக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி எட்டிப் பார்த்தது. அவள் பெயர் குமுதவல்லி. மேட்டுக்காட்டிலிருந்து கூடு கட்ட இடம் பார்க்க வந்தவள்.

"அக்கா, இங்க வெள்ளம் வருமாமே! தவளைங்க சொல்லிச்சு. நாங்க இங்கயே குடி வந்துடலாம்னு இருக்கோம்."

"வா, தாராளமா வா! நாங்க வெள்ளத்துக்குப் பயந்து உங்க ஊருக்கு ஓடறோம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் குமுதவல்லி பெருமூச்சு விட்டாள். "வர்றது ஒன்னும் பெரிசில்லைக்கா. எங்க வீட்டுக்காரர் ஒரு பாறையிடுக்கு முழுக்கக் கேழ்வரகும் தினையும் சேர்த்து வெச்சிருக்கார். நீர்க்கோழி சாதியில எவனாவது சேர்த்து வைப்பானா? இவர் வைப்பார். அதை எப்படி இவ்வளவு தூரம் கொண்டு வர்றது? விட்டுட்டு வந்தா அவர் வர மாட்டேங்கறார்."

"உன் வீட்டுலயும் அப்படி ஒருத்தரா!" என்று சொல்லிப் பேச்சி அவளருகில் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரே வியாதி பிடித்த வீடுகளின் பெண்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு சீக்கிரம் முடியுமா?

ஆனால் அன்றைக்குப் பேச்சு சீக்கிரமே முடிந்தது. ஏனென்றால் பேச்சிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"குமுதவல்லி! உன்னுது அங்க இருக்கு. என்னுது இங்க இருக்கு. நீ இங்க வர்றே. நான் அங்க போறேன். எதுக்கு ரெண்டு பேரும் சுமக்கணும்?"

குமுதவல்லி கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று யோசித்தாள். பிறகு இறக்கையை அடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். "அக்கா! உன் தலையில மூளைதான்க்கா இருக்கு!"

பேச்சி ஏமாளி இல்லை. பச்சைக்கிளியைக் கூப்பிட்டு விசாரித்தாள். "நிஜம்தான். பாறையிடுக்குல வாசல் வரைக்கும் கேழ்வரகு. உள்ள இடம் இல்லாம அந்த ஆளு வெளியே நின்னு தூங்கறான்" என்றது கிளி. இருந்தாலும் கிளி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். அதனால் பேச்சி ஒரு நிபந்தனை வைத்தாள். தான் போய்ச் சேர்ந்து கண்ணால் பார்க்கும் வரை குமுதவல்லியின் கணவர் அந்த இடுக்கைவிட்டு அசையக் கூடாது. குமுதவல்லி பறந்து போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வேலை தொடங்கியது. பூதலிங்கம் வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் தன் ஊர்வலம் எங்கிருந்து எங்கே வரை நீளும் என்று கையை விரித்துக் காட்ட வேண்டாமா? அவர் வெளியே போகும்போதெல்லாம் பேச்சியும் குமுதவல்லியும் கடலையையும் இலந்தைப் பழத்தையும் கரைமேலிருந்த மரப்பொந்துக்குக் கடத்தினார்கள். எள்ளில் ஒரு சின்னப் பொட்டலத்தை மட்டும் வழிச் சாப்பாட்டுக்கு எடுத்துவைத்துக்கொண்டு, மீதியையும் பொந்தில் போட்டார்கள். வெள்ளம் எவ்வளவு வந்தாலும் அந்தப் பொந்தைத் தொடாது.

தேக்கிலை மூட்டைகளில் என்ன போவது? பக்கத்து வயலோரக் களத்து மேட்டில் உள்ளே மணியில்லாத பதர் மலையாகக் கிடந்தது. பதரைப் போட்டு, அடியில் கனத்துக்கு ஒரு களிமண் உருண்டையை வைத்து, பேச்சி கொடியால் இறுக்கிக் கட்டினாள். பதருக்குப் பஞ்சமே இல்லையே! மூட்டைகள் ஏறிக்கொண்டே போயின.

பூதலிங்கம் வந்து பார்த்தார். வாயைப் பிளந்தார். "ஏ பேச்சி! நம்மகிட்ட இவ்வளவா இருந்துச்சு?"

"கட்டினாத்தானேங்க தெரியுது!" என்றாள் பேச்சி.

கிளம்புகிற நாள் வந்தது. குளக்கரை முழுக்கச் சொந்தபந்தம். குரங்குகள் மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. அவற்றுக்குப் பின்னால் அகல், சீப்பு, டப்பா, மூடி என்று ஆளுக்கு ஒரு சாமான். பூதலிங்கம் மீசையை நீவிவிட்டுக்கொண்டு நடுவில் நடந்தார். முதல் மூட்டை ஓடையைத் தாண்டி, புளிய மரத்தையும் தாண்டி, வளைவில் திரும்பி மறைந்த பிறகும் கடைசிச் சாமான் வாசலைவிட்டுக் கிளம்பவில்லை.

"சடையப்பனைத் தூக்கிச் சாப்பிட்டுட்டார் பூதலிங்கம்!" என்றது கூட்டம். அந்த நிமிஷம் பூதலிங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

காலையும் மாலையும் நடந்தார்கள். வெயில் ஏறியதும் ஒரு மரத்தடியில் மூட்டைகளை அடுக்கிவிட்டுப் பெருச்சாளிக் குடும்பம் தூங்கியது. குரங்குகள் காவலுக்கு நின்றன.

பேச்சி மட்டும் ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்திருந்தாள்.

பூதலிங்கத்தின் குறட்டை ஏறியதும் தாவுராயன் கண்ணைக் காட்டினான். இரண்டு குரங்குகள் பூனை போல நடந்து ஒரு மூட்டையை அவிழ்த்தன. ஆசையோடு முகத்தை உள்ளே விட்டன. அவ்வளவுதான்! பதர் மூக்கில் ஏறி, "அச்! அச்!" என்று தும்மல் பிடித்துக்கொண்டது.

"தலைவரே! பதரு!"

"கத்தாதே! வேற மூட்டையைப் பாரு!"

"இதுலயும் பதரு!"

"அந்தப் பெரிசை அவிழு!"

"பதரும் ஒரு மண்ணாங்கட்டியும்! தலைவரே, அந்தப் பெருச்சாளி நம்மள நல்லா ஏமாத்திட்டான்! எழுப்பி நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்டுடலாமா?"

"என்னடா கேட்பே? அவிழ்த்துப் பார்த்தோம், பதர் இருந்துச்சுன்னா?" என்று பல்லைக் கடித்தான் தாவுராயன். "கட்டுடா பழையபடி!"

பேச்சி வாலால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் வயிறு குலுங்கியது. "அம்மா ஏன் ஆடறே?" என்று கேட்ட கடைக்குட்டியின் வாயையும் பொத்தினாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பகலிலும் இதே கூத்துதான். எந்த மூட்டையிலாவது கடலை இருக்காதா என்கிற ஆசை குரங்குகளை விடவில்லை. அந்த ஆசையே அவர்களை மலையேற்றியது, ஆற்றைக் கடக்க வைத்தது. "பாரு, நம்ம ஆளுங்க எவ்வளவு ஆர்வமா தூக்கறாங்க!" என்று பூதலிங்கம் பூரித்துப்போனார்.

ஆற்றைக் கடந்த பிறகு வானம் கறுத்தது. அதோடு பேச்சியின் சிரிப்பும் நின்றது. கையில் இருந்த எள்ளுப் பொட்டலம் தீரப்போகிறது. குமுதவல்லி சொன்னது பொய்யாக இருந்தால்? கிளி கூட்டிச் சொல்லியிருந்தால்? மூட்டைகளில் இருப்பது பதர் என்று அவளுக்கு மட்டும்தானே தெரியும்! முன்னால் துள்ளி ஓடும் குட்டிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. 'சாமர்த்தியம் காட்டறேன்னு பிள்ளைங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டேனோ?' என்று மனம் அடித்துக்கொண்டது.

ஒருவழியாக மேட்டுக்காட்டுப் பாறையடிக்கு வந்து சேர்ந்தார்கள். பேச்சி இடுக்கைத் தேடி ஓடுவதற்குள் தாவுராயன் வழிமறித்தான்.

"ஐயா, கூலியைக் கொடுங்க. நாங்க கிளம்பணும்."

"அடே, எடுத்துக்கோ! நாலுக்கு ஒன்னு. எது பெரிசா இருக்கோ அதையே எடுத்துக்கோ!" என்றார் பூதலிங்கம் தாராளமாக.

தாவுராயன் தலையைச் சொறிந்தான். "மூட்டை வேண்டாங்க... வேற ஏதாவது..."

"மூட்டைதானே பேச்சு? ஏன் வேண்டாம்? முதல் தரமான கடலை! இதோ பார்!" என்று பூதலிங்கம் தன் கையாலேயே ஒரு மூட்டையை அவிழ்த்தார்.

காற்று அடித்தது. பதர் பறந்து அவர் மீசையெல்லாம் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றை அவிழ்த்தார். பதர். இன்னொன்று. பதர்!

"மோசம் போயிட்டேன்!" என்று அலறினார் பூதலிங்கம். "திருட்டுப் பசங்களா! என் கடலையையெல்லாம் தின்னுட்டுப் பதரை அடைச்சு வெச்சுட்டீங்களா!"

தாவுராயனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தின்றுவிட்டுத் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, தின்னாமலே திட்டா! "யாரு தின்னது? ஒரு கடலை பார்த்திருப்போமா? நாங்க முதல் நாள் அவிழ்க்கும்போதே பதர்தான் இருந்துச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தன் வாயிலிருந்து வந்தது காதில் விழுந்தது. மற்றக் குரங்குகள் எல்லாம் வானத்தைப் பார்த்தன.

"அவிழ்த்தீங்களா?" என்று கேட்டாள் பேச்சி.

தாவுராயன் ஒரு மூட்டைக்குப் பின்னால் நகர்ந்தான்.

"எத்தனை தடவை?"

"தினமும்தாம்மா" என்றது பின்னால் நின்ற ஒரு மந்திக் குரங்கு. தாவுராயன் அதை முறைத்தான்.

ஆனால் பூதலிங்கத்துக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் பதர்க் குவியலின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். முதல் மழைத்துளி அவர் மூக்கில் விழுந்தது. குட்டிகள் நான்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வெகுகாலத்துக்குப் பிறகு பூதலிங்கம் ஊர்வலத்தை மறந்து அவற்றின் முகத்தைப் பார்த்தார்.

"பேச்சி... மழை வந்துடுச்சே. பிள்ளைங்களுக்கு என்னத்தைப் போடுவேன்? நீ அன்னிக்கே கடலையைக் குவிச்சு வெச்சுச் சொன்னியே!" என்று விம்மினார். கடலைக்காகவோ கௌரவத்துக்காகவோ அவர் அழவில்லை. குட்டிகளுக்காகத்தான் அழுதார். பேச்சிக்கும் கண் கலங்கிவிட்டது.

"எழுந்திருங்க. என்கூட வாங்க" என்றாள்.

பாறையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஒவ்வோர் இடுக்காக எட்டிப் பார்த்தாள். முதல் இடுக்கு காலி. இரண்டாவதில் ஓர் ஓணான் மட்டும். மூன்றாவதின் வாசலில் ஒரு நீர்க்கோழி ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது.

"குமுதவல்லி வீட்டுக்காரரா?" என்று கேட்டாள் பேச்சி.

நீர்க்கோழி திடுக்கிட்டு விழித்தது. "வந்துட்டீங்களா தாயே! நான் கிளம்பலாமா? இந்த இடத்தைவிட்டு நகர்ந்தா தொலைச்சுடுவேன்னு சொல்லிட்டுப் போனா! நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு!"

அவர் நகர்ந்தார். அவர் முதுகை அணைபோல நம்பி நின்றிருந்த கேழ்வரகு பொலபொலவென்று சரிந்து பேச்சியின் கால்களை மூடியது. உள்ளே தினை, அதற்கும் உள்ளே காய்ந்த நாவற்பழம். குட்டிகள் கூச்சல் போட்டுக்கொண்டு அதற்குள் தலைகீழாகப் பாய்ந்தன. கிளி இந்த ஒரு தடவை குறைத்துத்தான் சொல்லியிருந்தது!

பூதலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சி முழுக் கதையையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் விழி பிதுங்கியது. பாறை முனையில் ஒளிந்து நின்று கேட்ட குரங்குகளின் விழி அதைவிடப் பிதுங்கியது.

"தாவுராயா, உங்க கூலியை நான் மறக்கலை" என்றாள் பேச்சி. "இந்தத் தானியத்திலிருந்து அளந்து கொடுக்கணும்னுதான் இருந்தேன். நல்ல தினையா, மூட்டைக் கணக்குக்கு ஒரு மணி குறையாம. ஆனா அவிழ்த்தா கூலி வேண்டாம்னு சொன்னது யாரு?"

தாவுராயன் குவியலை ஏக்கத்தோடு பார்த்தான். "வெறுங்கையோட போனா வீட்டுல அடிப்பாம்மா!"

"அப்போ அந்தச் சாமான்களை எடுத்துக்கங்க" என்று பேச்சி அகலையும் சீப்பையும் டப்பாவையும் காட்டினாள்.

பூதலிங்கம் பதறிப்போய் வாயைத் திறந்தார். பிறகு குட்டிகள் தின்பதைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். குரங்குகள் சீப்பைத் தலையில் செருகிக்கொண்டு முணுமுணுத்தபடி மழையில் போயின.

மழை வலுத்தது. இடுக்குக்குள் ஒரு துளி வரவில்லை. எல்லோரும் வயிறு முட்டத் தின்று முடித்த பிறகு பூதலிங்கம் மனைவியின் பக்கமாக மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

"பேச்சி, ஒன்னே ஒன்னு கேட்கட்டுமா? குளக்கரையில யாரும் மூட்டையைத் தொட்டுப் பார்க்கலையே?"

"இல்லீங்க. நீளத்தைத்தான் பார்த்தாங்க."

"அப்பாடா!" என்று சொல்லி அவர் நிம்மதியாகக் கேழ்வரகின் மேல் சாய்ந்தார்.

ஊரார் கண்ணுக்காக மூட்டையை நீட்டுகிறவர் வழியெல்லாம் சுமந்து போய்ப் பட்டினியில் இறங்குவார். போய்ச் சேரும் இடத்தில் என்ன வேண்டும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குகிறவர்தான் குடும்பத்தோடு நன்றாகக் குடியேறுவார்.